பூங்கா நிலத்தைப் போக்குவரத்துப் பணிமனைக்கு மாற்றும்போது குடியிருப்போர் எதை, எப்போது கேட்க வேண்டும்?

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது: ஒரு குடியிருப்புப் பகுதியில் நெடுங்காலமாகப் பூங்காவாகவும் விளையாட்டிடமாகவும் இருந்துவரும் நிலம், எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் நகரத்தின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) ‘திறந்தவெளி’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்பைப் ‘போக்குவரத்துப் பயன்பாடு’ என்று மாற்றி அங்கே பேருந்துப் பணிமனையோ மெட்ரோ பணிமனையோ அமைக்க முன்மொழிவு வந்திருக்கிறது. குடியிருப்போர் எதிர்க்கிறார்கள். பொதுப் போக்குவரத்தும் சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்வதுதானே, சில தெருக்காரர்களின் வசதிக்காக நகரம் முழுவதற்குமான திட்டத்தை மறிப்பது தன்னலம் ஆகாதா என்று அவர்களிடம் கேட்கப்படுகிறது. இந்த எதிர்ப்பில் நியாயம் உண்டா, உண்டென்றால் அதை எப்படி முன்வைப்பது?

நியாயம் உண்டு. ஆனால் பெரும்பாலான எதிர்ப்பு மனுக்கள் அந்த நியாயத்தைச் சரியான இடத்தில் வைப்பதில்லை. ‘எங்கள் மரங்களைக் காப்பாற்றுங்கள்’ என்ற வேண்டுகோள் படிப்பவர் மனத்தைத் தொடும். முடிவெடுக்கும் அதிகாரியையோ பின்னர் அதை ஆராயும் நீதிபதியையோ அது கட்டுப்படுத்தாது. ‘இந்த வசதிக்கு வேறு இடம் உண்மையிலேயே தேடப்பட்டதா, தேடப்பட்டதென்றால் அதற்கான பதிவு எங்கே’ என்ற கேள்வி கட்டுப்படுத்தும். அந்தக் கேள்வியையும், நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கான வரைவு அறிவிப்பு வெளிவந்து ஆட்சேபணைக் காலம் ஓடிக்கொண்டிருக்கும் நாள்களிலேயே எழுப்ப வேண்டும். மரங்களில் எண் எழுதத் தொடங்கிய பிறகு எழுப்பினால், பதில் கிடைப்பதற்குள் நிலம் வெட்டவெளியாகியிருக்கும்.

பூங்கா நிலம் ஏன் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பணிமனைக்கு இரவில் வண்டிகளை நிறுத்தும் தடங்கள், கழுவுமிடம், வண்டியின் அடிப்பகுதியைப் பார்ப்பதற்கான பரிசோதனைக் குழிகள், பழுதுபார்க்கும் கூடம், உதிரிபாகக் கிடங்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு, ஊழியர் கட்டடங்கள் எல்லாம் வேண்டும். மெட்ரோவாக இருந்தால் மின் துணைநிலையமும் சோதனை ஓட்டத்துக்கான நீண்ட தடமும் சேரும். இவை ஒரே தொடர்ச்சியான, சமதளமான நிலத்தில் அமைய வேண்டும். வளர்ந்துவிட்ட நகரத்தில் அப்படிப்பட்ட நிலம் தனியாரிடம் துண்டு துண்டாகக் கிடக்கும். கையகப்படுத்தினால் இழப்பீடும் மறுகுடியமர்த்தலும் வழக்குகளும் தொடரும். பூங்காவுக்கோ உரிமையாளர் ஒருவரே, அதுவும் அரசு அல்லது உள்ளாட்சி. அங்கே குடியிருப்பவர் யாரும் இல்லை. திட்ட அறிக்கையின் செலவுக் கணக்கில் அந்த நிலத்தின் விலை ஏறக்குறைய சுழியமாக எழுதப்படுகிறது. எந்த மாற்று இடத்தை அதனுடன் ஒப்பிட்டாலும் மாற்று இடம் தோற்றுவிடும். ஏனென்றால் ஒரு பக்கத்தில் இழப்பு பணமாக எழுதப்படுகிறது, மறுபக்கத்தில் இழப்பு எழுதப்படுவதே இல்லை.

இதை மிகத் தெளிவாக எடுத்துச் சொன்ன தீர்ப்பு 1971ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓவர்ட்டன் பூங்கா வழக்கில் வழங்கியது. மெம்ஃபிஸ் நகரின் நடுவே 342 ஏக்கர் பரப்பில் இருந்த அந்தப் பூங்காவின் ஊடாக ஆறு வழி நெடுஞ்சாலை ஒன்றை அமைக்கத் திட்டமிட்டார்கள். பூங்காவின் 26 ஏக்கர் அழியும். உயிரியல் பூங்கா மற்றப் பகுதியிலிருந்து துண்டிக்கப்படும். உள்ளூர்க் குடிமக்கள் குழு ஒன்று வழக்குத் தொடுத்தது. 1966ஆம் ஆண்டின் போக்குவரத்துத் துறைச் சட்டம், நடைமுறைக்கு உகந்த விவேகமான மாற்று வழி எதுவும் இல்லாதபோது மட்டுமே பொதுப் பூங்கா நிலத்தைப் பயன்படுத்தலாம் என்றும், அப்போதும் சேதத்தைக் குறைக்க இயன்ற திட்டமிடல் அனைத்தையும் செய்திருக்க வேண்டும் என்றும் கூறியிருந்தது. செலவையும் இடையூறுகளையும் பொதுவாக எடைபோட்டு முடிவெடுத்தால் போதும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பூங்கா நிலம் ஏற்கெனவே பொதுமக்களுடையது என்பதால் அதைப் பயன்படுத்துவது எப்போதுமே மலிவாகத்தான் இருக்கும், அங்கே யாரும் வசிப்பதில்லை என்பதால் வீட்டையோ தொழிலையோ விட்டு யாரும் வெளியேற வேண்டியும் இராது, இந்தக் காரணங்களைப் பூங்காவின் பாதுகாப்போடு சம தட்டில் வைத்தால் சட்டமே தேவைப்பட்டிராது என்ற பொருளில் நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதினார்.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு பகுதி வழக்கறிஞர்களைத் தவிர மற்றவர்கள் கண்ணில் அதிகம் படாதது. முடிவெடுத்தபோது இருந்த கோப்பைத்தான் நீதிமன்றம் பார்க்க வேண்டும். வழக்கு வந்த பிறகு காரணம் கற்பித்துத் தயாரித்த பிரமாணப் பத்திரங்கள் அதற்கு ஈடாகா என்று நீதிமன்றம் சொன்னது. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. பின்னர் 1973ஆம் ஆண்டில் போக்குவரத்துத் துறைச் செயலர், மாற்று வழி எதுவும் இல்லை என்று தம்மால் கூற இயலாது என அறிவித்தார். பூங்காவுக்கு இருபுறமும் சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டிருந்தும், நெடுஞ்சாலை பூங்காவுக்குள் நுழையவில்லை. நகரைச் சுற்றி வேறு பாதையில் சென்றது. நெடுஞ்சாலை வேறு, பொதுப் போக்குவரத்து வேறு என்று யாரேனும் மறுக்கலாம். தர்க்கம் ஒன்றுதான். மலிவு என்பதே காரணமானால் நகரத்தின் ஒவ்வொரு பூங்காவும் ஏதாவதொரு நல்ல திட்டத்துக்கான இடமாகிவிடும்.

இனி, தன்னலம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதைப் புறந்தள்ளிவிடக் கூடாது. சில எதிர்ப்புகள் உண்மையிலேயே அப்படிப்பட்டவைதான். வேறுபடுத்திப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு: வரப்போவது நிலையமா, பணிமனையா என்று கேளுங்கள். நிலையம் மக்கள் இருக்கும் இடத்தில்தான் இருந்தாக வேண்டும். நடந்து வரும் தொலைவில் வீடுகளும் அலுவலகங்களும் இல்லாவிட்டால் அதற்குப் பயனில்லை. ஒரு பூங்காவின் மூலையில் சில நூறு சதுர மீட்டரில் நிலைய வாயில் அமைவதை அந்தப் பூங்காவைப் பயன்படுத்துவோரே எதிர்த்தால், அவர்கள் வாதம் வலுவிழக்கும்; பூங்காவுக்கு வெகுதூரத்திலிருந்து வருவோருக்கும் அந்த வாயில் கதவைத் திறக்கிறது. பணிமனையின் நிலை வேறு. அங்கே பயணிகள் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. அது தடத்தின் முனைக்கு அருகில் இருந்தால் வண்டிகள் காலியாக ஓடும் தூரம் குறையும். அந்தக் கூடுதல் தூரத்தை எரிபொருளாகவும் ஓட்டுநர் நேரமாகவும் கணக்கிட்டுவிட முடியும். ஆகவே பணிமனையின் இடம் கணக்கிடக்கூடிய ஒரு செலவைச் சார்ந்தது. நிலையத்தைப் போல அதற்கு மாற்றே இல்லை என்று சொல்ல முடியாது. பணிமனையை எதிர்ப்பவரைப் பொதுப் போக்குவரத்தின் எதிரி என்பது இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டுச் செய்யும் வாதம்.

மும்பையின் ஆரே இதற்கு நாம் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு. நகரின் மூன்றாம் மெட்ரோ தடம் 33.5 கிலோமீட்டர் நீளமுள்ள நிலத்தடித் தடம். அதன் பணிமனைக்கு ஆரே பால் குடியிருப்பில் சுமார் 30 ஹெக்டேர் நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய அந்தப் பசுமைப் பரப்பு, வளர்ச்சித் திட்டத்தில் கட்டடம் கட்டக் கூடாத மண்டலமாகக் குறிக்கப்பட்டிருந்தது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் மெட்ரோ வேண்டும், பணிமனை மட்டும் இங்கே வேண்டாம் என்றே சொன்னார்கள். 2015ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தொழில்நுட்பக் குழுவும் காஞ்சூர்மார்க் என்ற மாற்று இடத்தை ஆராய்ந்தது. ஆனால் 2017ஆம் ஆண்டில் அந்த மண்டலக் குறிப்பு மாற்றப்பட்டுப் பணிமனைக்கான ஒதுக்கீடு உறுதியானது. நகரம் கொந்தளித்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்டில் மாநகராட்சியின் மர ஆணையம் 2,185 மரங்களை வெட்டவும் 461 மரங்களை வேரோடு பெயர்த்து நடவும் அனுமதி தந்தபோதுதான். அக்டோபர் 4ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்றிரவே வெட்டத் தொடங்கினார்கள். அக்டோபர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னபோது ஏறக்குறைய முழு எண்ணிக்கையும் வீழ்ந்திருந்தது.

அதன் பிறகு நடந்ததும் பாடமே. 2020ஆம் ஆண்டில் மாநில அரசு ஆரேயில் 800 ஏக்கர் நிலத்தைக் காப்புக்காடாக அறிவிப்பதாகச் சொல்லிப் பணிமனையைக் காஞ்சூர்மார்க்குக்கு மாற்றியது. அந்த நிலம் தன்னுடையது என்று மத்திய அரசு உரிமை கோரியது. அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அங்கே பணியை நிறுத்தியது. 2022ஆம் ஆண்டில் ஆட்சி மாறியதும் பணிமனை மீண்டும் ஆரேக்கே வந்தது. தடத்தின் முதல் பகுதி 2024 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. இந்த வரலாற்றிலிருந்து, போராட்டம் வீண் என்ற முடிவுக்குச் சிலர் வருகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மாற்று இடத்தின் உரிமைச் சிக்கல் 2015இலேயே தீர்க்கப்பட்டிருந்தால், அல்லது தீர்க்க முடியாதது என்று சான்றோடு நிறுவப்பட்டிருந்தால், 2019இன் இரவும் தேவைப்பட்டிராது, 2020இன் திசைமாற்றமும் தேவைப்பட்டிராது. மண்டலக் குறிப்பை மாற்றும் கட்டத்தில் மாற்று இடங்களை அரைகுறையாக விட்டதற்கான விலையைத் திட்டமும் கொடுத்தது, மரங்களும் கொடுத்தன.

குடியிருப்போருக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. இந்தியாவில் இதற்கு உறுதியான விடை 1991ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட மனை, அரசின் உத்தரவின் பேரில் மாற்றப்பட்டு, தனியார் அறக்கட்டளை ஒன்றுக்கு மருத்துவமனை கட்ட வழங்கப்பட்டது. அப்பகுதிக் குடியிருப்போர் வழக்குத் தொடுத்தார்கள். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அந்த வழக்கில், பூங்காவை இழப்பவர்கள் அதைச் சுற்றி வாழ்பவர்களே ஆகையால் அவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. திறந்தவெளியும் குழந்தைகளின் விளையாட்டிடமும் பொது நலன் சார்ந்தவை, சட்டம் வகுத்த நடைமுறையை மீறி அவற்றை நிர்வாக உத்தரவால் மாற்ற முடியாது என்று கூறி ஒதுக்கீட்டை ரத்து செய்த தீர்ப்பை உறுதிப்படுத்தியது. மருத்துவமனையும் நல்ல காரியம்தான் என்பதைக் கவனியுங்கள். நோக்கம் நல்லது என்பது வழிமுறையின் குறையை நீக்கிவிடாது. 1999ஆம் ஆண்டில் லக்னோவின் ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் கட்டப்பட்டுவந்த வணிக வளாகத்தை இடித்துப் பூங்காவை மீட்க வேண்டும் என்றே அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. பொதுமக்களுக்காக அரசு தன் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து என்ற கோட்பாடு இந்தத் தீர்ப்புகளின் அடியில் ஓடுகிறது.

ஆனால் இந்தத் தீர்ப்புகளை எடுத்துக்காட்டினால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். முத்தப்பா வழக்கில் பயனடைந்தது தனியார் அமைப்பு. லக்னோவிலும் வணிக நோக்கம் இருந்தது. பொதுப் போக்குவரத்து அரசின் பணி, பயனடைபவர் பல இலட்சம் பேர். அரசு சட்டப்படி அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைகளைப் பெற்று, விசாரித்து, காரணம் எழுதி நிலப் பயன்பாட்டை மாற்றினால், நீதிமன்றங்கள் பொதுவாக அந்த முடிவின் உள்ளடக்கத்துக்குள் நுழையத் தயங்கும். ஆரேயில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. ஆகவே வழக்கு என்பது கடைசிக் கருவி. அதன் பலமும் ஆட்சேபணைக் காலத்தில் நீங்கள் கோப்பில் எதைச் சேர்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் எழுப்பிய கேள்விக்கு அதிகாரி பதில் எழுதவில்லை என்று காட்ட முடிந்தால் நீதிமன்றம் கேட்கும். கேள்வியே எழுப்பாமல் விட்டதைப் பின்னர் வாதமாக்குவது கடினம்.

ஆட்சேபணை மனுவுக்கு முன்னால் நிலத்தின் பிறப்பை அறிய வேண்டும். பூங்கா எப்படிப் பொது நிலமாயிற்று என்பதில்தான் பல வேளைகளில் வழக்கின் முடிவு அடங்கியிருக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி பெறும்போது நில உரிமையாளர் திறந்தவெளியாகப் பயன்படுத்தவென்று நிபந்தனையோடு கொடுத்த நிலமாக அது இருக்கலாம். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தை இவ்வாறு தானப் பத்திரத்தின் வழியே உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படிப்பட்ட நிலத்துக்கு உள்ளாட்சி உரிமையாளர் என்பதைவிடக் காப்பாளர் என்பதே பொருந்தும். மனை வாங்கியவர்கள் அந்தத் திறந்தவெளிக்கும் சேர்த்தே விலை கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மாறாக, அரசுப் புறம்போக்கு நிலம் வழக்கத்தால் பூங்காவாகியிருந்தால் வாதம் வேறு திசையில் செல்ல வேண்டும்: முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் அது எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து பொதுப் பணத்தில் பராமரிக்கப்படுகிறது என்பவை முன்னிற்கும். அனுமதிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திரம், நில வகைப்பாட்டுப் பதிவேடு, முழுமைத் திட்ட வரைபடம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அறிவிப்பு வருவதற்கு முன்பே கேட்டு வாங்கி வைப்பது நல்லது. ஆட்சேபணைக் காலம் பல சட்டங்களில் ஒன்றிரண்டு மாதங்களே. தகவல் பெறவே 30 நாள் ஆகிவிடும்.

அடுத்து, கேட்க வேண்டிய கேள்விகள். எத்தனை வண்டிகளுக்கான பணிமனை, ஒரு வண்டிக்கு எவ்வளவு பரப்பு என்று கணக்கிட்டு இந்த மொத்தப் பரப்பை அடைந்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள். பரப்பின் கணக்கு வெளியே வந்தவுடன் குறைக்கும் வழிகளும் தெரியத் தொடங்கும். சிங்கப்பூரின் கிழக்குக் கரை ஒருங்கிணைந்த பணிமனையில் மூன்று ரயில் தடங்களின் பணிமனைகளையும் ஒரு பேருந்துப் பணிமனையையும் ஒன்றின் மேல் ஒன்றாகவும் பக்கத்திலும் 36 ஹெக்டேரில் அடக்கி, தனித்தனியே கட்டியிருந்தால் தேவைப்பட்டிருக்கக்கூடிய பரப்பில் சுமார் 44 ஹெக்டேரை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். அடுக்குப் பணிமனைக்குச் செலவு அதிகம். அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, ‘அந்தக் கூடுதல் செலவு எவ்வளவு, பூங்கா நிலத்தின் மதிப்பு எவ்வளவு’ என்ற ஒப்பீட்டைக் கேட்பதே நேர்மையானது. பூங்கா நிலத்தைச் சுற்றியுள்ள மனையின் விலையில் மதிப்பிடச் சொல்லுங்கள். சுழியம் என்று எழுதப்பட்ட இடத்தில் ஓர் எண் ஏறியவுடன் மாற்று இடங்களின் வரிசையே மாறிவிடக்கூடும்.

எந்தெந்த மாற்று இடங்கள் பார்க்கப்பட்டன, ஒவ்வொன்றும் எந்தக் காரணத்தால் கைவிடப்பட்டது, அந்தக் காரணம் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ‘பொருத்தமற்றது’ என்ற ஒரு சொல்லோடு கைவிடப்பட்ட இடத்துக்கு நீங்களே சென்று அளவு, உரிமை, அணுகுசாலை மூன்றையும் குறித்து வாருங்கள். பயன்பாடற்ற தொழிற்சாலை நிலம், பழைய சரக்கு முற்றம், ஏற்கெனவே உள்ள பணிமனையின் மேல்தளம் ஆகியவை பெரும்பாலும் முதல் பட்டியலில் இடம்பெறாமல் போகின்றன. குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரேனும் இருப்பார். கோரிக்கைப் பதாகை எழுதுவதைவிட அவருக்கு இந்த வேலையைக் கொடுப்பது பன்மடங்கு பயன் தரும்.

மாற்று இடத்தைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. நீங்கள் சுட்டும் இடத்தில் பட்டா இல்லாமல் வாழும் குடும்பங்கள் இருக்கலாம், நீர்நிலையோ சதுப்போ இருக்கலாம். வசதியுள்ள பகுதியின் பூங்காவைக் காக்க வசதியற்றவர்களின் வீட்டைக் கைகாட்டுவது அநீதி. அது உங்கள் வாதத்தின் அறத்தையே அழித்துவிடும். பூங்காவைப் பயன்படுத்துவோர் யார் என்று கணக்கெடுக்கும்போது சுற்றியுள்ள மனை உரிமையாளர்களோடு நிறுத்திவிடாமல், அருகிலிருக்கும் சிறிய வீடுகளின் பிள்ளைகளையும் நடைப்பயிற்சிக்கு வேறிடம் இல்லாத முதியவர்களையும் சேருங்கள். சொந்தத் தோட்டம் இல்லாதவருக்குத்தான் பொதுப் பூங்கா அதிகம் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, வீட்டிலிருந்து சுமார் 300 மீட்டர் தொலைவுக்குள் அரை ஹெக்டேர் முதல் ஒரு ஹெக்டேர் வரையிலான பசுமையிடம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இந்தப் பூங்கா போனால் எத்தனை வீடுகள் அந்த வட்டத்துக்கு வெளியே தள்ளப்படும் என்று வரைபடத்தில் வட்டமிட்டுக் காட்ட முடியும். எந்தப் பள்ளி மாணவரும் வரையக்கூடிய அந்த ஒரு படம் நீண்ட மனுவைவிடத் தெளிவாகப் பேசும்.

‘ஒரு மரத்துக்குப் பத்து மரம் நடுவோம்’ என்ற வாக்குறுதி கட்டாயம் வரும். அதை அப்படியே ஏற்கக் கூடாது. நட்ட கன்று முதிர்ந்த மரத்தின் நிழலைத் தரப் பல பத்தாண்டுகள் வேண்டும், அதுவும் பிழைத்திருந்தால். நடப்படும் இடம் நகரத்தின் மறுகோடியாக இருந்தால் இங்கே வெப்பம் தணியாது. மண்ணின் இழப்பு இதைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது. திறந்த மண் மழைநீரை உறிஞ்சுகிறது. பணிமனையின் கான்கிரீட் தளம் அதை அப்படியே தெருவுக்கு அனுப்புகிறது. கழுவுமிடத்தின் எண்ணெய் கலந்த நீரும் அதோடு சேர்ந்தால் தாழ்வான வீடுகள்தாம் முதலில் பாதிக்கப்படும். எனவே மரக் கணக்குக்கு முன்னால் வெள்ள நீர்க் கணக்கைக் கேளுங்கள். அதற்கு எண்களால்தான் பதில் சொல்ல முடியும்.

‘நிலத்துக்கு அடியில்தான் கட்டுகிறோம், முடிந்ததும் பூங்காவைத் திருப்பித் தருவோம்’ என்பது இன்னொரு வாக்குறுதி. நியூயார்க்கின் வான் கார்ட்லண்ட் பூங்காவுக்கு அடியில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட நகர நிர்வாகம் முனைந்தபோது இதே வாதத்தை வைத்தது. 2001ஆம் ஆண்டில் அந்த மாநிலத்தின் உயர்நிலை நீதிமன்றம், பல ஆண்டுகள் மக்கள் அந்தப் பகுதியைப் பயன்படுத்த முடியாமல் போவதே பூங்கா நிலத்தைப் பறிப்பதாகும், அதற்கு மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2003இல் சட்டமன்றம் ஒப்புதல் தந்தது, நிலையம் கட்டப்பட்டது, ஆனால் அந்த ஒப்புதலோடு, பூங்கா அமைந்துள்ள பிராங்ஸ் பகுதியின் பூங்காக்களுக்கு 20 கோடி டாலருக்குக் குறையாத நிதி ஒதுக்கப்பட்டது. வழக்கில் வென்றவர்கள் கட்டடத்தைத் தடுக்கவில்லை என்பது உண்மை. தங்கள் பூங்காவுக்கு விலையில்லை என்ற நிலையை மாற்றினார்கள். நம் அனுபவமும் இதை ஒட்டியதே. சென்னை ஷெனாய் நகரின் திரு.வி.க. பூங்கா நிலத்தடி மெட்ரோ நிலையத்துக்காக மூடப்பட்டு, பத்தாண்டுகளுக்கும் மேலான பிறகே மீண்டும் மக்களுக்குக் கிடைத்தது. நிலையம் பயனுள்ளது, பூங்காவும் திரும்பிவிட்டது; ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பூங்கா இருந்ததே இல்லை. ஆகவே ‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்கு நாள் குறிக்கச் சொல்லுங்கள். தவறினால் என்ன தண்டம் என்பதையும் உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே பேசுவதால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சிங்கப்பூரின் குறுக்குத் தீவுத் தடத்தைச் சொல்வேன். 2013ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அந்த மெட்ரோ தடம் நடுவண் நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகத்தின் கீழே செல்வதாக இருந்தது. அங்குள்ள இயற்கை ஆர்வலர்கள் வடிவமைப்புத் தொடங்கும் முன்பே எதிர்ப்புத் தெரிவித்து, காப்பகத்தைச் சுற்றிச் செல்லும் மாற்றுப் பாதையை முன்வைத்தார்கள். அரசு இரண்டு பாதைகளையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. மண் ஆய்வுக்காகத் துளையிடவிருந்த இடங்களின் எண்ணிக்கை 72இலிருந்து 16 ஆகக் குறைந்தது. சுற்றுப்பாதைக்கு சுமார் 200 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாகும், பயணம் ஆறு நிமிடம் நீளும் என்று கணக்குக் காட்டப்பட்டது. 2019 டிசம்பரில் நேர்ப்பாதையே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் சுமார் 70 மீட்டர் ஆழத்தில், காப்பகத்தின் மேற்பரப்பில் எந்தக் கட்டுமானமும் இல்லாமல். எதிர்த்தவர்கள் விரும்பிய பாதை கிடைக்கவில்லை. ஆயினும் ஒரு மாற்றின் விலை என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்படி வெளியே வைக்கப்பட்டது. காட்டின் மேற்பரப்பும் தப்பியது. இத்தகைய விளைவு மரம் வெட்டும் நாளில் சாலையில் அமர்வதால் கிடைப்பதில்லை. அமர்பவர்களின் துணிவை நான் மதிக்கிறேன். அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது முந்தைய ஆண்டுகளின் மௌனம்தான்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பற்றி ஒன்று. அங்கே ஒவ்வொருவரும் ஒரே வேதனையை மீண்டும் மீண்டும் பேசினால், குறிப்பேட்டில் ‘பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்ற ஒரே வரி பதிவாகும். நிலத்தின் பிறப்பை ஒருவர், பரப்புக் கணக்கை ஒருவர், வெள்ள நீரை ஒருவர், மாற்று இடங்களை ஒருவர் என்று பிரித்துப் பேசி, பேசியதை எழுத்திலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகத் தரப்படும் உறுதிமொழிகளைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கக் கோருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நிலப் பயன்பாடு மாற்றப்படலாம். மாற்று இடம் உண்மையிலேயே இல்லாத நிலைமைகளும் உண்டு, அப்போது அதை ஏற்பதே நேர்மை. அந்நிலையில் எஞ்சிய வேலை, அறிவிப்பிலேயே நிபந்தனைகளைச் சேர்க்க வைப்பது. மாற்றம் முழு நிலத்துக்கும் வேண்டுமா, பணிமனைக்குத் தேவைப்படும் பகுதிக்கு மட்டும் போதுமா என்று கேட்டு எல்லையைச் சர்வே எண்ணோடு குறிக்கச் செய்யுங்கள். இல்லையென்றால் மிச்ச நிலம் சில ஆண்டுகளில் வணிக வளாகமாகும். அதே பகுதிக்குள், நடந்து செல்லும் தொலைவில், அதே அளவு நிலம் பூங்காவாக அறிவிக்கப்பட்டுத் திறக்கப்பட்ட பிறகே பழைய பூங்காவின் வாயில் மூடப்பட வேண்டும் என்று கோருங்கள். திட்டம் கைவிடப்பட்டாலோ குறித்த காலத்துக்குள் தொடங்கப்படாவிட்டாலோ நிலம் மறுபடி ‘திறந்தவெளி’ என்ற குறிப்புக்கே திரும்ப வேண்டும் என்ற வாசகத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால், கைவிடப்பட்ட திட்டத்தின் நிலம் பூங்காவாகவும் இல்லாமல் பணிமனையாகவும் இல்லாமல், அடுத்து யார் கேட்டாலும் கொடுக்கக்கூடிய நிலமாகக் கிடக்கும்.